50 வாட் எங்கிருந்து வந்தது? கார் ஆம்ப்ளிஃபயரின் கதை

கார் ஸ்டீரியோ வரும் அட்டைப்பெட்டியில் "50 வாட் x 4" என்று பெரிதாக அச்சடித்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். எந்தக் கம்பெனியை எடுத்தாலும் ஏறக்குறைய அதே எண்தான். ஒன்றை ஒன்று முந்தப் பார்க்கும் கம்பெனிகள் எல்லாம் எப்படி ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன?

கணக்கு ரொம்ப எளிது. வண்டி ஓடும்போது பேட்டரி முனையில் சுமார் 14.4 வோல்ட் இருக்கும். ஸ்பீக்கர் 4 ஓம். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் 51.8 வருகிறது. அதாவது பேட்டரியை நேராக ஸ்பீக்கரில் மாட்டினால் என்ன சக்தி போகுமோ அதுதான் அந்த 50 வாட். அந்த அளவில் வெளியே வருவது பாட்டல்ல, உச்சியும் அடியும் வெட்டுப்பட்ட சதுர அலை. ஒழுங்கான சைன் அலைக்கு இதில் சரிபாதி, சுமார் 26 வாட்தான் மிஞ்சும். உள்ளே போகும் நஷ்டத்தையும் கழித்தால் 18, 20 வாட். ஆகவே இந்த எண்ணை நிர்ணயித்தது எந்த இன்ஜினியரும் இல்லை, காரின் பேட்டரி! கார் ஆம்ப்ளிஃபயரின் முழு வரலாறுமே இந்த பேட்டரியோடு மல்லுக்கட்டிய கதைதான்.

ஆரம்பம் 1930. சிகாகோவில் கால்வின் மானுஃபாக்சரிங் என்ற கம்பெனி நடத்திய பால் கால்வின், தன் காரில் ஒரு ரேடியோவைப் பொருத்திக்கொண்டு அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ உற்பத்தியாளர் மாநாட்டுக்கே ஓட்டிப் போனார். அதற்கு வைத்த பெயர் மோட்டோரோலா. (1947ல் கம்பெனியே அந்தப் பெயருக்கு மாறிக்கொண்டது.) விலை 110 முதல் 130 டாலர். புது ஃபோர்டு மாடல் ஏ காரே 500 டாலர் சுமாருக்குக் கிடைத்த காலம் அது.

அன்றைய ரேடியோவுக்குள் இருந்தவை வால்வுகள். வால்வு வேலை செய்ய இருநூறு வோல்ட் அளவுக்கு வேண்டும், ஆனால் காரில் இருந்ததோ 6 வோல்ட் பேட்டரி. முதலில் தனி உலர் பேட்டரிகளைக் காரின் தரைக்கு அடியில் ஒளித்து வைத்தார்கள். அவை தீர்ந்துபோனால் மறுபடி செலவு. பிறகு வந்தது வைப்ரேட்டர் என்ற சின்ன சாதனம். ஒரு எஃகுத் தகடு நொடிக்கு நூறு தடவைக்கு மேல் அதிர்ந்து பேட்டரி மின்சாரத்தைத் துண்டு துண்டாக்கும். துண்டான மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மருக்குள் போய் உயர்ந்த வோல்ட்டாக வெளியே வரும். ரேடியோவைப் போட்டதும் ஒரு ரீங்காரம் கேட்கும், அது இந்தத் தகட்டின் சத்தம்.

1955ல் ஃபில்கோ கம்பெனி முழுக்க டிரான்சிஸ்டரால் ஆன கார் ரேடியோவைச் செய்ய, கிரைஸ்லர் அதை 150 டாலர் கூடுதல் விலையில் தன் கார்களில் கொடுத்தது. டிரான்சிஸ்டருக்கு 12 வோல்ட்டே போதும் என்பதால் வைப்ரேட்டர் ஓய்வு பெற்றது. எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் இங்கேதான் வேடிக்கை. உயர்ந்த வோல்ட்டைத் தூக்கி எறிந்ததும் சத்தத்துக்கும் கூரை விழுந்துவிட்டது. எளிய சர்க்யூட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஆறு வாட்டுக்கு மேல் தேறாது. செய்தி கேட்க அது தாராளம். 1965ல் ஃபோர்டு தன் புது மாடல்களில் 8 டிராக் டேப் கொடுக்க ஆரம்பித்து, ஸ்டீரியோ பாட்டு காருக்குள் வந்த பிறகுதான் போதாமை தெரிந்தது.

1973ல் அரிசோனாவில் ஜிம் ஃபாஸ்கேட் என்பவர் காருக்கென்றே தனி ஆம்ப்ளிஃபயர் செய்து விற்கத் தொடங்கினார். ராக்ஃபோர்ட் ஃபாஸ்கேட் என்று இன்று தெரியும் பெயரின் பின்பாதி அவருடையதுதான். (இதே மனிதர்தான் பின்னாளில் டால்பி புரோலாஜிக் 2 முறைக்கும் மூளை.) பெரிய கார் ஆம்ப்ளிஃபயர்கள் பேட்டரியை ஜெயித்த வழி என்ன தெரியுமா? பழைய வைப்ரேட்டரின் அதே தந்திரம். தகட்டுக்குப் பதில் டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல்லாயிரம் தடவை மின்சாரத்தை வெட்டுகின்றன. சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று அதை மேலேற்றுகிறது. மியூசியத்துக்குப் போன யோசனை வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்தது.

வாட் தாராளமாகக் கிடைத்ததும் பொய்யும் தாராளமாயிற்று. வீட்டு ஆம்ப்ளிஃபயர்கள் எத்தனை வாட் என்று எப்படி அளந்து சொல்ல வேண்டும் என அமெரிக்க வர்த்தக ஆணையம் 1974லேயே விதி போட்டது. ஆனால் அந்த விதி வீட்டுச் சாதனங்களுக்குத்தான், கார் அதில் சேரவில்லை. (நம்மூர் டேப் ரெக்கார்டர்களில் 'பி.எம்.பி.ஓ' என்று ஆயிரக்கணக்கில் போட்டிருப்பார்களே, அது இந்தப் பொய்யின் பெரியண்ணன்.)

இதில் தலைகீழ்ப் பொய்யும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் கார் ஆடியோ போட்டிகள் சூடுபிடித்தபோது, வாட் அளவை வைத்துப் பிரிவு பிரித்தார்கள். உடனே சில கம்பெனிகள் 4 ஓமில் '25 x 2' என்று அடக்கமாக எழுதிவிட்டு, ஒரு ஓமுக்கும் கீழே இறக்கினால் பல மடங்கு கொட்டும் ஆம்ப்ளிஃபயர்களைச் செய்தன. கடையில் வாங்குபவனுக்கு அதிகமாகச் சொன்னார்கள், நடுவருக்குக் குறைவாகச் சொன்னார்கள்! 2003ல் அமெரிக்க எலக்ட்ரானிக்ஸ் உற்பத்தியாளர் சங்கம் 'சி.இ.ஏ 2006' என்ற அளவுமுறையைக் கொண்டுவந்தது. 14.4 வோல்ட், 4 ஓம், 1 சதவீதத்துக்கு மேல் உருக்குலைவு கூடாது. விரும்பினால் பின்பற்றலாம், கட்டாயம் இல்லை. இந்த அளவில் எண் சொல்லாத ஆம்ப்ளிஃபயரை நம்ப வேண்டிய அவசியமும் இல்லை. வாங்கும்போது ஃப்யூஸைப் பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். "1200 வாட்" என்று எழுதி 25 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றே ஒன்று இருந்தால், உள்ளே போவதே 14.4 x 25 = 360 வாட். பழைய ஏபி வகையில் அதில் அறுபது சதவீதம், டி வகையில் எண்பது சதவீதம் வெளியே வந்தால் பெரிய விஷயம்.

சரி, க்ராஸ்ஓவருக்கு வருவோம். சத்தத்தை உயர்ந்தது, தாழ்ந்தது என்று பிரித்து வேறு வேறு ஸ்பீக்கருக்கு அனுப்பும் வேலை 1930களின் சினிமா தியேட்டர்களில் வேரூன்றியது. காயிலும் கண்டென்சரும் போட்டு, ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே பிரிப்பார்கள். ட்வீட்டருக்கு இது சரி. ஆனால் காரில் 80 ஹெர்ட்ஸில் பிரிக்க வேண்டுமென்றால் 4 ஓம் ஸ்பீக்கருக்கு சாதாரண வடிகட்டிக்கே ஏறக்குறைய 500 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் 8 மில்லிஹென்றி காயிலும் வேண்டும். எடையும் விலையும் கட்டுப்படியாகாது. அதனால் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னாலேயே, சிக்னல் சின்னதாக இருக்கும்போதே பிரிக்கும் வழக்கம் வந்தது. அந்த சர்க்யூட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலம், 1955ல் எம்.ஐ.டி.யில் சாலன், கீ என்ற இருவர் எழுதிய கட்டுரை. அதன் ரெசிஸ்டர்களுக்குப் பதிலாக ஒரு குமிழைப் போட்டால் அதுதான் நம் ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் 50 – 250 ஹெர்ட்ஸ் திருகாணி.

வடிகட்டியின் வளைவுக்குப் பெயர் தந்தவர் ஸ்டீஃபன் பட்டர்வொர்த் என்ற ஆங்கிலேயர், 1930ல். கார் ஆம்ப்ளிஃபயர்களில் அதிகம் காண்பது அவருடைய 12 டெசிபல் வகை. இதில் ஒரு வம்பு இருக்கிறது. பிரியும் இடத்தில் சப்வூஃபரும் கதவு ஸ்பீக்கரும் நேர் எதிராக அசையும். ஒன்று தள்ள, மற்றது இழுக்கும். அந்த இடத்தில் சத்தமே காணாமல் போகும். ஒன்றின் வயரை மாற்றிப் போட்டால் காணாமல் போன இடம் மேடாகிவிடும், 3 டெசிபல் அதிகம். ஹியூலெட் பாக்கர்ட் கம்பெனியில் வேலை பார்த்த சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் 1976ல் இதற்கு வழி சொன்னார். பட்டர்வொர்த் வடிகட்டி இரண்டை அடுத்தடுத்து வைத்தால் 24 டெசிபல் சரிவு கிடைக்கும்; இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றாக அசையும்; கூட்டினால் சமதளம். உடன் உழைத்த ரஸ் ரைலியின் பெயரும் சேர்ந்து லிங்க்விட்ஸ் – ரைலி ஆயிற்று. ஆம்ப்ளிஃபயரில் 0/180 என்றிருக்கும் ஸ்விட்ச் இந்த வம்புக்காகத்தான். ஏட்டுக் கணக்கு காருக்குள் அப்படியே பலிக்காது, சப்வூஃபர் டிக்கியில் தூரமாகக் கிடக்கிறதல்லவா. இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்து, பேஸ் கிடார் கனமாகக் கேட்கும் பக்கத்தில் விட்டுவிட வேண்டியதுதான்.

கதவு ஸ்பீக்கருக்கு ஹை பாஸ், சப்வூஃபருக்கு லோ பாஸ், இரண்டும் 80 ஹெர்ட்ஸ் பக்கம். இதுதான் தொடங்க நல்ல இடம். டாம்லின்சன் ஹோல்மன் உருவாக்கிய டி.எச்.எக்ஸ் முறையும் வீடுகளுக்கு இதே எண்ணைத்தான் எடுத்தது, அதற்குக் கீழே சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதுக்குச் சுலபத்தில் தெரியாது என்பதால். ஹை பாஸைத் தொடாமல் விடுபவர்கள்தான் அதிகம், ஸ்பீக்கரைக் கொல்வதும் அதுதான். அதிர்வெண் பாதியானால், அதே சத்தத்துக்குக் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். ஆறரை அங்குல ஸ்பீக்கர் பாவம், என்ன செய்யும்?

அடுத்தது கெயின் திருகாணி. இது வால்யூம் இல்லை. ஸ்டீரியோ தரும் சிக்னலும் ஆம்ப்ளிஃபயர் எதிர்பார்க்கும் சிக்னலும் பொருந்த வைக்கும் இடம். கடைசி வரை திருகினால் ஆம்ப்ளிஃபயர் பெரிதாகாது, சதுர அலைதான் சீக்கிரம் வரும். ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து, சப்வூஃபர் சேனலில் 50 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிடுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் பிடியுங்கள். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும் எண்தான் குறி. 75 வாட், 4 ஓம் என்றால் 17.3 வோல்ட். மீட்டர் அங்கே வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். பேஸ் பூஸ்ட் பொத்தான் அதற்கு முன்பே பூஜ்யத்தில் இருக்கட்டும்.