துண்டும் கூலியும்: ஊவாத் தோட்டங்களில் ஆட்போட்டியின் வரலாறு

வேண்டுவோர் பலராகவும் பொருள் சிலவாகவும் இருப்பின் விலை ஏறும் என்பது பொருளியல் நூலார் உடன்பட்ட விதி. உழைப்பும் விலைக்கு வருவதொன்றாதலின், வேலையாட்களைப் பலர் போட்டியிட்டு நாடுமிடத்து அவர்தம் கூலியும் உயர்தல் வேண்டும் என்று கருதுவது இயல்பே. ஆயின் வரலாறு இவ்விதியை எப்பொழுதும் மெய்ப்பிப்பதில்லை. 1348ஆம் ஆண்டில் தொடங்கிய கொள்ளைநோயால் இங்கிலாந்து மக்களிற் பெருந்தொகையினர் மாண்டபோது, எஞ்சிய உழவருக்குக் கிராக்கி மிகுந்தது. உடனே 1349இல் அரசாணை ஒன்றும், 1351இல் பாராளுமன்றச் சட்டமொன்றும் பிறந்தன. நோய்க்கு முன்பிருந்த கூலிக்கே வேலை செய்தல் வேண்டும், ஒப்புக்கொண்ட காலம் முடியுமுன் எசமானை விட்டு நீங்குதல் குற்றம் என்பன அவற்றின் சாரம். கூலி ஏறும் வாய்ப்பு உண்டாகிய அக்கணமே அதனைத் தடுக்கும் வழியும் வகுக்கப்பட்டது.

அத்தகைய வரலாறு ஒன்று இலங்கை மலைநாட்டிலும் நிகழ்ந்தது. பதுளையைத் தலைநகராகக் கொண்ட ஊவா மாகாணத் தோட்டங்களை நிலைக்களமாக வைத்து அதனை ஆராய்வது பொருத்தமாகும். அம்மாகாணத்தின் தொழில் மாற்றங்களும் போக்குவரத்து வளர்ச்சியும் ஆட்போட்டியின் இயல்பைத் தெளிவாக விளக்கவல்லன.

ஊவாவில் முதலிற் செழித்தது கோப்பி. அப்பயிரை அழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதலாக 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிலேயே காணப்பட்டது. சில ஆண்டுகளுட் கோப்பி மடிய, அதனிடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பக்கத்துத் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1885இல் நானுஓயாவரை வந்திருந்த புகையிரதம் 1893இல் அப்புத்தளைக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் எட்டியது. அங்கிருந்து பதுளைக்குச் செல்ல மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. 1924இலேயே பதுளை நிலையம் திறக்கப்பட்டது. ஆகவே பசறை, லுணுகலை, மடுல்சீமை முதலிய பகுதிகளுக்கு அரிசியும் ஆளும் வந்துசேர்தல் நெடுங்காலம் பெருஞ்செலவுக்குரியதாகவே இருந்தது.

பயிர் மாறியபோது உழைப்பின் இயல்பும் மாறிற்று. கோப்பிக்குப் பழம் பறிக்குங் காலத்திலேயே ஆட்கள் மிகுதியாக வேண்டும். பருவம் முடிந்ததும் பலர் தென்னிந்தியாவிலுள்ள தம் ஊர்களுக்கு மீண்டனர். தேயிலையோ ஆண்டு முழுவதும் ஆள் கேட்கும் பயிர். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்ற அளவறிந்து, செடியின் மட்டம் குலையாது, முற்றிய இலை கலவாது விரைந்து கொய்தல் பழகிய கைகளுக்கே இயலும். கவ்வாத்து வெட்டுவோன் ஒரு கிளையைத் தவறாக வெட்டின் அதன் பயன் பல ஆண்டுகளுக்குக் கெடும். அன்றியும் யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றினால் ஊவாத் தேயிலை தனி மணம் பெறுகின்றது. உலகச் சந்தையில் அதற்குப் பெயர் தந்தது அப்பருவமே. அவ்வாரங்களில் உரிய நாளிற் கொய்யாத கொழுந்து முற்றி வீணாகும். தோட்டக் கணக்கேடுகள் ‘கூலி’ என்று ஒரே சொல்லாற் குறித்த மக்கள் உண்மையில் நுண்ணிய கைத்திறன் வாய்ந்த தொழிலாளர் ஆவர்.

இத்தொழிலாளரைத் திரட்டி வந்தவன் கங்காணி. தோட்டத்துரை கொடுத்த முற்பணத்தைப் பெற்றுக்கொண்டு அவன் தன் ஊர்ப்புறத்திற்குச் சென்று, உறவினரையும் அயலாரையும் ஆள்கட்டி வருவான். அவர்களுடைய பழங்கடன், வழிச்செலவு, உணவுச்செலவு யாவும் அவரவர் பெயரிற் கடனாக எழுதப்படும். ஆகவே தோட்டத்திற் கால்வைக்கும் நாளிலேயே தொழிலாளி கடனாளியாவான். கங்காணி தோட்டத்திற்குக் கடன்பட்டிருந்தான். தொழிலாளி கங்காணிக்குக் கடன்பட்டிருந்தான். வேலைக்கு இறங்கும் ஒவ்வோர் ஆளுக்கும் நாள்தோறும் ‘தலைக்காசு’ என்னும் சிறுதொகையும் பெரிய கங்காணிக்குக் கிடைத்தது.

இவ்வமைப்பின் நடுவே நின்றது ‘துண்டு’. தமிழ்ச் சொல்லாகிய இதனை ஆங்கிலத் துரைமாரும் அப்படியே தம் மொழியில் வழங்கினர். ஒரு கங்காணியும் அவன் ஆட்களும் இன்ன தொகையைக் கொடுத்துத் தீர்ப்பின் தோட்டத்தை விட்டு விடுவிக்கப்படுவர் எனத் துரை எழுதிக் கொடுக்கும் சிறு சீட்டே துண்டு எனப்பட்டது. எடுத்துக்காட்டாக, 50 ஆட்களை உடைய ஒரு கங்காணியின் கடன் 2,000 ரூபா என்று கொள்க. துண்டைப் பெற்ற அவன் அதனை வேறொரு தோட்டத்திற்குக் கொண்டு செல்வான். ஆட்பஞ்சத்தால் வருந்தும் அத்தோட்டத்துத் துரை, அக்கடனைத் தீர்ப்பதோடு மேலும் 500 ரூபா தருவதாகச் சொல்வார். கூட்டம் முழுவதும் இடம் மாறும். புதிய ஏட்டில் அக்கூட்டத்தின் கடன் இப்பொழுது 2,500 ரூபா. அடுத்த முறை மாறும்போது அது இன்னும் ஏறும்.

இங்கேதான் பொருளியல் விதி தலைகீழாகின்றது. ஆட்களுக்காகத் தோட்டங்கள் போட்டியிட்டன. அதனால் விலையும் ஏறிற்று. ஆயின் ஏறியது கூலி அன்று, கடன். மேலதிகமாகக் கொடுக்கப்பட்ட பணம் கங்காணி கைக்குச் சென்றது. அதனைத் திருப்பிக் கொடுக்கும் சுமையோ அவனுக்குக் கீழிருந்தோர்மீது இறங்கியது. அதே வேளையில் ஆண் தொழிலாளியின் நாட்கூலி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலும் அதன் பின்னரும், பல தோட்டங்களில் மூன்றிலொரு ரூபாவை ஒட்டியே நின்றது.

துரைமார் கூலியை உயர்த்தாது முற்பணத்தை உயர்த்தியமைக்குக் காரணம் வெளிப்படை. கூலியை ஒரு சதம் உயர்த்தின் தோட்டத்திலுள்ள அனைவருக்கும் உயர்த்தல் வேண்டும். உயர்த்தியதைப் பின்னர்க் குறைத்தலும் அரிது. அயற்றோட்டங்களும் உயர்த்த நேரிடும் ஆதலின் தோட்டத்துரைமாரிடையே பகையும் விளையும். முற்பணமோ புதிதாக வருவோருக்கு மட்டும் கொடுப்பது. செலவாக அன்றி, வரவேண்டிய கடனாகக் கணக்கில் நிற்பது. ஆளைப் பிடித்து நிறுத்தவும் உதவுவது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவோருக்குச் சிறைத்தண்டனை விதித்திருந்தமையும் இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. தொழிலாளி தானாகப் போனால் அது குற்றம். கங்காணி துண்டுடன் அழைத்துச் சென்றால் அது வாணிகம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் போட்டி மேலும் கடுமையாயிற்று. இலங்கையின் தாழ்நிலத்தில் இறப்பர்த் தோட்டங்கள் பெருகின. கடலுக்கு அப்பால் மலாயாவும் அதே தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆட்களை அழைத்தது. இதனை எதிர்கொள்ளும் பொருட்டு இலங்கைத் தோட்டத்துரைமார் 1904ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியிற் ‘சிலோன் லேபர் கமிஷன்’ என்னும் நிலையத்தை நிறுவினர். மலாயாவில் 1907இல் தமிழர் குடிவரவு நிதி என்னும் பொதுநிதி ஏற்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து ஆள் திரட்டினும் திரட்டாவிடினும், தமிழரை வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும் அந்நிதிக்குப் பணம் செலுத்தல் வேண்டும் என்பது விதி. தான் பொருள் செலவிட்டு அழைத்து வந்த ஆளைச் செலவே செய்யாத அயலான் கவர்ந்துகொள்கின்றான் என்ற பழைய மனக்குறைக்கு அது தக்க மருந்தாயிற்று. அழைத்து வரும் செலவு பொதுவானபின் தொழிலாளியைக் கடனாற் கட்டிவைக்க வேண்டிய காரணமும் பெரிதும் குறைந்தது.

இலங்கை அவ்வழிக்கு வரப் பின்னும் காலம் சென்றது. 1908ஆம் ஆண்டில் ஒரு தொழிலாளர் ஆணைக்குழு ஆராய்வு நடத்தியது. அதன்பின் 1909இன் 9ஆம் இலக்கச் சட்டம், கூலியைக் கங்காணி கையிற் கொடாது தொழிலாளியின் கையிலேயே கொடுத்தல் வேண்டும் என வகுத்தது. நோக்கம் நன்று, ஆயினும் துண்டு எஞ்சிநின்றமையாற் கடனும் எஞ்சிநின்றது. பகலில் துரை முன்னிலையிற் பெற்ற கூலி மாலையிற் கங்காணியின் வீட்டிற்குச் செல்வதைச் சட்டத்தால் தடுத்தல் அரிதன்றோ!

இந்நிலையை மாற்றியோருள் சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதன்மையானவர். அவர் தலைவராகவும் பெரி. சுந்தரம் செயலாளராகவும் விளங்கிய இலங்கைத் தொழிலாளர் நலச் சங்கம் 1919ஆம் ஆண்டில் தோன்றியது. தோட்டத் தொழிலாளரைச் சிறைக்கு அனுப்பும் சட்ட விதிகளை நீக்குதல் அச்சங்கத்தின் தலையாய கோரிக்கைகளுள் ஒன்று. இந்திய அரசாங்கத்தின் வற்புறுத்தலும் உடன்சேர்ந்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1922இல் இந்தியாவில் இயற்றப்பட்ட குடியகல்வுச் சட்டத்தைத் தொடர்ந்து, 1923 முதல் இலங்கையிலும் தோட்டங்கள் யாவும் ஆட்திரட்டும் பொதுநிதிக்குப் பணம் செலுத்தலாயின. இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவர் கண்டியில் அமர்ந்தார்.

இறுதியாக 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் குறைந்தபட்சக் கூலி என்னும் கொள்கையை நாட்டியது. 1929இல் நடைமுறைக்கு வந்த வீதங்கள் நாட்டை மூன்று பிரிவாக வகுத்தன. மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, சிறாருக்கு 32. இடைநாட்டில் முறையே 52, 41, 31. தாழ்நாட்டில் 50, 40, 30. இடத்திற்கிடம் வேறுபட்ட கூலி முதன்முறையாகச் சட்டத்தில் எழுதப்பட்டது. அதுவரை துண்டிற் கடனாக மறைந்துகிடந்த வட்டார வேறுபாடு அன்றுமுதல் தொழிலாளியின் கைக்கு வரும் சதமாக வெளிப்பட்டது.

துண்டு முறைக்கு ஆதரவாகக் கூறப்பட்ட நியாயங்களையும் நோக்குதல் முறையாகும். அது தொழிலாளிக்குத் தோட்டம் மாறும் வழியைத் திறந்துவைத்தது என்பர். கொடுமையான துரையிடமிருந்து கூட்டமாக நீங்குதற்கு அது உதவியது உண்மையே. பொருள் செலவிட்டவருக்கு அதனை மீட்கும் உரிமை வேண்டும் என்பதும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயின் எப்பொழுது நீங்குவது, எங்குச் செல்வது, என்ன விலைக்குச் செல்வது என்னும் மூன்றையும் தீர்மானித்தவன் கங்காணி. பிறன் முடிவு செய்து, பிறன் விலைபேசிப் பெயர்த்துச் செல்வதனைத் தொழிலாளியின் சுதந்திரம் எனல் பொருந்தாது. செலவை மீட்டற்குப் பொதுநிதி என்னும் வழி உண்டென்பதையும் மலாயா முன்னரே காட்டிவிட்டது.

1927இன் சட்டமும் குறையற்றதன்று. தேயிலைத் தோட்டத்தின் உயிராகிய கொழுந்து பறித்தல் பெரும்பாலும் பெண்களின் கைத்திறன். அவ்வாறிருந்தும் அவர்களுக்கு ஆணினும் குறைந்த கூலியே விதிக்கப்பட்டது. அவ்வேற்றத்தாழ்வு 1984ஆம் ஆண்டிலேயே நீங்கியது. போட்டியால் நன்மை பெறுதற்கு வேண்டிய மற்றொன்று, வெளியே செல்லும் கதவு. 1939இல் இந்தியா தொழிலாளர் குடியகல்வைத் தடைசெய்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. தோட்டத்திற்கு வெளியே நிலமோ அரசாங்க வேலையோ பெறும் வழி அடைபட்டவர்கள் கூலிக்காகப் பேரம் பேசும் வலிமையையும் இழந்தனர். துண்டு போயிற்று, ஆயினும் பூட்டு முற்றாகத் திறக்கப்படவில்லை.

இவை பழங்கதை எனத் தள்ளற்பாலன அல்ல. கணினித் தொழிலில் ஈடுபட்ட பேராற்றல் வாய்ந்த நிறுவனங்கள் சிலவும் இதையொத்த செயலைப் புரிந்தன. ஒருவர் ஊழியரை மற்றவர் அணுகி அழைப்பதில்லை என அப்பிள், கூகிள், இன்டெல், அடோபி முதலியவை தமக்குள் உடன்பாடு செய்திருந்தமை குறித்து 2010ஆம் ஆண்டில் அமெரிக்க நீதித்துறை நடவடிக்கை எடுத்தது. ஊழியர் தொடுத்த வழக்கில் அந்நான்கு நிறுவனங்களும் 41.5 கோடி டொலர் கொடுக்க உடன்பட்டன. 2015இல் நீதிமன்றம் அதனை ஏற்றது. பொறியியலாளனாயினும் கொழுந்து பறிப்பவளாயினும், முதலாளிமார் ஒன்றுகூடிக் கதவை மூடினால் திறமை எவ்வளவு உயர்ந்ததாயினும் கூலி உயராது. வேறுபாடு ஒன்றே: அப்பொறியியலாளருக்கு வழக்காடும் வசதி இருந்தது, ஊவாத் தொழிலாளிக்கு அது இருக்கவில்லை.

நாடற்றோர் நிலையை நீக்கும் சட்டங்கள் பின்னர் வந்தன. கல்வி பரவியது. தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக்கும் பிற நகரங்களுக்கும் வேலை தேடிச் செல்கின்றனர். கைகள் போதவில்லை என்று தோட்டங்கள் மீண்டும் முறையிடுகின்றன. நாட்கூலி 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் அடிப்படைக் கூலியாக 1,350 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்தைப் பட்டப்படிப்பாகவே கற்பிக்கின்றது. ஒரு காலத்திற் கடனேட்டில் எழுதப்பட்ட திறமை இன்று கலாநிலையத்திற் பாடமாயிருப்பது சிறிய மாற்றமன்று.

ஆட்களுக்கான போட்டி தானாகவே உழைப்பவனுக்கு நன்மை தருவதில்லை என்பதே ஊவாவின் வரலாறு காட்டும் உண்மை. போட்டியிற் கொடுக்கப்படும் விலை கடனாக அன்றிக் கூலியாக வருதல் வேண்டும். அது இடைத்தரகன் கைக்கன்றி உழைத்தவன் கைக்கே சேர்தல் வேண்டும். போவதா நிற்பதா என்பதை அவனே தீர்மானித்தல் வேண்டும். இம்மூன்றும் வாய்த்தாலன்றித் திறமைக்கு உரிய விலை கிடையாது. கொழுந்தின் மேன்மைக்கு உலகம் விலை கொடுத்த காலத்தில், அதனைக் கொய்த கையின் மேன்மைக்கு விலை கொடுக்கப்படவில்லை. அக்கடன் எந்தத் துண்டிலும் எழுதப்படவில்லை. முழுமையாகத் தீர்க்கப்படவும் இல்லை.