'எஸ்' பொத்தான் எங்கிருந்து வந்தது?

அண்மையில் லைசன்ஸ் எடுத்த என் முன்னாள் மாணவன் ஒருவன் கேட்டான்: "சார், கியரை 'எஸ்'ல போட்டா காருக்கு பவர் கூடுமா?" கூடாதுப்பா என்றேன். அவன் நம்பவில்லை. "பின்ன ஏன் சார் அப்படி பாயுது?" நியாயமான கேள்விதான். உங்கள் வகுப்பிலும் ஒருவர் கேட்கக்கூடும். விடை கொஞ்சம் பழைய கதையில் இருக்கிறது.

மானுவல் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும், கியரை எப்போது மாற்றுவது என்பதை நம் காதும் காலும்தான் முடிவு செய்யும். அந்த முடிவை ஓட்டுநரிடமிருந்து எடுத்துக்கொண்டது 'ஹைட்ரா-மாட்டிக்'. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939 இறுதியில், 1940ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கிளட்ச் மிதி கிடையாது. முன்னே செல்ல நான்கு கியர். உள்ளே முடிவெடுத்தது எண்ணெய். கார் வேகம் பிடித்தால் ஒரு பக்கம் எண்ணெய் அழுத்தம் ஏறும். நாம் மிதியை அழுத்தினால் எதிர்ப்பக்கம் ஏறும். வேகத்தின் அழுத்தம் ஜெயித்தால் மேல் கியர். மிதியின் அழுத்தம் ஜெயித்தால் கீழ் கியர். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு! ஆனால், அதன் குணம் வால்விலும் ஸ்பிரிங்கிலும் அடங்கியிருந்தது. குணத்தை மாற்ற வேண்டுமானால் கியர்பெட்டியைக் கழற்றத்தான் வேண்டும்.

1980களில் அந்த முடிவு எண்ணெயிடமிருந்து கணினிக்குக் கைமாறியது. எந்த வேகத்தில் எந்த கியர் என்பது இப்போது கணினியில் பதிந்த ஓர் அட்டவணை. ஓர் அட்டவணையை வைக்க முடிந்தால் இரண்டையும் வைக்கலாம்தானே? டொயோட்டா கார்களில் 'பவர்' தேர்வு வந்தது. ஜெர்மனியின் இசட்.எஃப் நிறுவனம் பி.எம்.டபிள்யூ கார்களுக்குச் செய்த கியர்பெட்டியில் சிக்கனத்துக்கு 'இ', ஸ்போர்ட்டுக்கு 'எஸ்' என்று எழுத்துகளே வந்துவிட்டன. காரண–விளைவுக் கட்டுரை எழுதும் மாணவர்களே, இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பொத்தானை யாரோ ஒருவர் ஒரு நாளில் கண்டுபிடிக்கவில்லை. கணினி வந்ததன் விளைவு அது.

அடுத்த மாற்றம் மிதியில். முன்பெல்லாம் மிதியையும் எஞ்சினின் காற்று வால்வையும் ஒரு கம்பி வடம் இணைத்தது. 1980களின் இறுதியில் பி.எம்.டபிள்யூ 750 ஐ.எல் போன்ற கார்களில் வடம் போய் மின்கம்பி வந்தது. அதன்பின் அதே அளவு அழுத்தத்துக்கு வால்வு எவ்வளவு திறக்க வேண்டும் என்பதையும் கணினியே தீர்மானிக்கலாம். இன்று பெரோடுவா அத்திவாவின் ஸ்டியரிங்கில் இருக்கும் 'பி.டபிள்யூ.ஆர்' பொத்தான்கூட இந்தப் பரம்பரைதான்.

இப்போது மாணவனின் கேள்விக்கு வருவோம். 'எஸ்'ல் வால்வு சீக்கிரம் அகலமாகத் திறக்கிறது; கீழ் கியர் நீண்ட நேரம் நிற்கிறது; எஞ்சின் வேகமாகச் சுழல்கிறது. அதனால்தான் பாய்ச்சல். 'டி'யில் மிதியை அடிவரை அழுத்தினாலும் பெரும்பாலான கார்களில் அதே சக்திதான் கிடைக்கும். விதிவிலக்கு உண்டு: 2005இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ எம்5 காரை ஸ்டார்ட் செய்தால் சுமார் 400 குதிரைத்திறன்தான். பொத்தானைத் தட்டினால் 500ஐத் தாண்டும். அந்தக் கார் நம் ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாது, விடுங்கள்.

எப்போது போடலாம்? இருவழிச் சாலையில் லாரியை முந்தும்போது, கெந்திங் மலை ஏறும்போது. மலை இறங்கும்போதும் பல கார்களில் உதவும், கீழ் கியர் நின்று எஞ்சினே காரை இழுத்துப் பிடிப்பதால் பிரேக் அதிகம் சூடாகாது. உங்கள் காரில் 'எல்' அல்லது 'பி' இருந்தால் நீண்ட இறக்கத்துக்கு அதுவே மேல். நெடுஞ்சாலையில் 110இல் சீராகப் போகும்போது 'எஸ்' பெட்ரோலைத்தான் குடிக்கும். ஜேமில் கார் குலுங்கும்.

மழையில் மட்டும் வேண்டவே வேண்டாம். காலை லேசாக வைத்தாலே வால்வு அகலத் திறப்பதால் சக்கரம் வழுக்கலாம். சில கார்களில் சறுக்கல் தடுப்பையும் இந்த நிலை கொஞ்சம் தளர்த்திவிடுகிறது. மாணவனிடம் இதைச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. "நேத்து மழையில அதுலதான் சார் வந்தேன்" என்றான்.