நூல் வாசகனைத் தேடிய கதை

1903ஆம் ஆண்டு கும்பகோணத்துப் பள்ளி மாணவர் ஒருவருக்கு நண்பர் வழியாக ஒரு கணித நூல் கிடைத்தது. அது அவ்வூர் அரசுக் கல்லூரி நூலகத்தைச் சேர்ந்தது. கேம்பிரிட்ஜ் தேர்வுக்குப் படிப்போருக்காகக் கார் என்னும் ஆங்கில ஆசிரியர் தொகுத்த அந்நூலில் ஏறத்தாழ 5,000 கணித முடிவுகள் வரிசையாகத் தரப்பட்டிருந்தன; நிறுவல்களோ மிகக் குறைவு. அம்முடிவுகளை ஒவ்வொன்றாகத் தாமே நிறுவிப் பார்க்க முற்பட்ட அம்மாணவர்தாம் கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

இந்நிகழ்ச்சியைப் பெருமையுடன் நினைவுகூரும் நாம் இதன் மறுபக்கத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த நண்பர் அந்நூலை எடுத்து வராதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அத்தகைய நண்பர் வாய்க்காத மாணவர்கள் எத்தனை பேர்? ஒரு நூல் தனக்குரிய வாசகனைச் சென்றடைவதைத் தற்செயலுக்கு விட்டுவிடலாமா?

இவ்வினாவுக்கு முறையான விடை கண்டவரும் நம் நாட்டுக் கணித அறிஞர் ஒருவரே. அவர் எஸ். ஆர். ரங்கநாதன். அவர் விடை கண்ட இடம் சென்னைப் பல்கலைக் கழக நூலகம்.

காவலில் இருந்த நூல்கள்

நூல்கள் கையால் எழுதப்பட்ட காலத்தில் ஒவ்வொரு படியும் பெருஞ் செல்வமாக இருந்தது. ஐரோப்பியப் பல்கலைக் கழகங்களில் நூல்களை இரும்புச் சங்கிலியால் மேசையோடு பிணைத்து வைத்தனர். ஆக்ஸ்போர்டில் 1602இல் திறக்கப்பட்ட போட்லி நூலகத்திலிருந்து எந்த நூலும் வெளியே செல்லக் கூடாது என்பது விதி. 1645இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் ஒரு நூலைக் கேட்டபோதும் அவ்விதி தளரவில்லை, நூல் மறுக்கப்பட்டது. அந்நாளில் நூலகர் என்றால் காவலர் என்றே பொருள்.

அச்சுப்பொறி வந்து நூல்கள் பெருகிய பின்பும் இம்மனப்பான்மை எளிதில் மாறவில்லை. சங்கிலி போயிற்று, பூட்டிய அலமாரி வந்தது.

சென்னைப் பல்கலைக் கழகம் 1857இல் இலண்டன் பல்கலைக் கழகத்தை ஒட்டி அமைக்கப்பட்டது. கற்பித்தல் கல்லூரிகளின் வேலை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்குதல் பல்கலைக் கழகத்தின் வேலை. தேர்வு மட்டும் நடத்தும் நிறுவனத்துக்குப் பெரிய நூலகம் எதற்கு? இருபதாம் நூற்றாண்டில் பல்கலைக் கழகமே ஆய்வுத் துறைகளைத் தொடங்கிய பின்னரே நூல்களின் தேவையும், உலகெங்கும் வெளிவரும் ஆய்விதழ்களின் தேவையும் உணரப்பட்டன. அவற்றை ஒழுங்குபடுத்த ஒருவர் வேண்டியிருந்தது.

கணித ஆசிரியர் நூலகரானார்

1892இல் சீர்காழியில் பிறந்த ரங்கநாதன், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். மங்களூர், கோவை, சென்னை மாநிலக் கல்லூரி ஆகிய இடங்களில் ஆசிரியராகப் பணிபுரிந்தார். 1924 ஜனவரியில் பல்கலைக் கழக நூலகராகப் பொறுப்பேற்றார். நூலகப் பயிற்சி எதுவும் அப்போது அவருக்கு இல்லை.

நூலகத்துக்கு வருவோர் மிகச் சிலரே. மாணவர் நிறைந்த வகுப்பறையில் பழகியவருக்கு அந்த அமைதி பொறுக்கவில்லை. பழைய ஆசிரியப் பணிக்கே திரும்ப விரும்பினார். இலண்டன் சென்று நூலகக் கல்வி பயின்று வந்த பிறகும் இதே எண்ணம் இருந்தால் திரும்பலாம் என்ற ஏற்பாட்டுடன் அவரை அனுப்பி வைத்தனர்.

இலண்டனில் பெர்விக் சேயர்ஸ் என்னும் நூலக அறிஞரிடம் பகுப்புமுறை பயின்றார். 100க்கும் மேற்பட்ட நூலகங்களை நேரில் கண்டார். உழைப்பாளியும் மாணவனும் முதியோரும் நூலகத்துக்கு உரிமையுடன் வந்து போவதைப் பார்த்தார். நூலகம் சமுதாயத்தையே மாற்றக்கூடிய கருவி என்பது அங்கேதான் அவருக்குப் புலப்பட்டது. 1925இல் திரும்பிய பின் ஆசிரியப் பணியை அவர் நாடவில்லை.

முக்காற்புள்ளியின் ஆற்றல்

அந்நாளில் பெரிதும் வழங்கியது அமெரிக்கரான மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட பதின்மப் பகுப்புமுறை. அதில் அறிவு முழுவதும் பத்துப் பிரிவுகளாகவும், ஒவ்வொன்றும் மேலும் பப்பத்தாகவும் பிரிக்கப்படும். இயற்பியலுக்கு எண் 530; வெப்பவியலுக்கு 536. எளிய முறைதான். எனினும் ஒரு குறை உண்டு. பட்டியலில் முன்கூட்டியே இடம்பெற்ற பொருள்களுக்கே ஆயத்தமான எண் இருக்கும். இரு துறைகள் கலந்து புதிய துறை பிறந்தால் அதை எங்கே வைப்பது?

இலண்டன் அங்காடி ஒன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளை ரங்கநாதன் கண்டார். துளையிட்ட சில உலோகப் பட்டைகளும் திருகாணிகளுமே அதன் உறுப்புகள். அவற்றை மாற்றி மாற்றிப் பூட்டினால் பாரந்தூக்கியும் வண்டியும் பாலமும் செய்யலாம். பகுப்பெண்ணையும் இவ்வாறே ஏன் கட்டக் கூடாது?

ஒவ்வொரு பொருளுக்கும் ஆயத்த எண் தருவதற்கு மாறாக, அதன் கூறுகளுக்கு மட்டும் எண் தந்தார். வேண்டியபோது அக்கூறுகளை முக்காற்புள்ளி கொண்டு இணைத்தார். ஆங்கிலத்தில் அக்குறிக்குக் கோலன் என்று பெயர். எனவே 1933இல் நூலாக வெளிவந்த இம்முறை கோலன் பகுப்புமுறை எனப்பட்டது.

ஓர் எடுத்துக்காட்டு. இந்தியாவில் 1950களில் நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ் கதிர்களால் செய்த சிகிச்சை பற்றிய ஒரு நூல் இருப்பதாகக் கொள்வோம். அம்முறையின் பிற்காலப் பதிப்புகளில் நுரையீரலுக்கு 45, காசநோய்க்கு 421, இந்தியாவுக்கு 44 என எண்கள் உள்ளன. உறுப்பு, நோய், சிகிச்சை, இடம், காலம் என்று கூறுகளை வரிசையாகக் கோத்தால் அந்நூலுக்கே உரிய எண் கிடைத்துவிடும். நுரையீரல் காசநோய் பற்றிய நூல்கள் அலமாரியில் அடுத்தடுத்து அமையும். ஒன்றைத் தேடி வந்தவர் கண்ணில் மற்றவையும் படும். கும்பகோணத்தில் தற்செயலாக நடந்தது இங்கே ஏற்பாட்டால் நடக்கிறது.

உலகின் பெரும்பாலான நூலகங்களில் இன்றும் வேறு முறைகளே வழங்குகின்றன என்பது உண்மை. ஆயினும் பொருளைக் கூறுகளாகப் பகுத்துத் தேடும் கருத்து நிலைத்துவிட்டது. இணைய அங்காடியில் விலை, நிறம், அளவு எனத் தனித்தனியே தேர்ந்து பொருளைத் தேடுவதும் இக்கருத்தைச் சார்ந்ததே.

ஐந்து விதிகள்

நியூட்டனின் மூன்று விதிகளிலிருந்து இயக்கவியல் முழுவதும் பிறப்பது போல, நூலகப் பணிகள் யாவும் பிறப்பதற்குரிய அடிப்படை விதிகள் உண்டா என்று ரங்கநாதன் ஆராய்ந்தார். 1928இல் அவருடைய பழைய கணிதப் பேராசிரியர் எட்வர்டு ராஸ் உரையாடலின்போது முதல் விதியை எடுத்துரைத்தார். மற்றவை அதிலிருந்து விரைவில் பிறந்தன. 1931இல் அவை நூலாயின.

நூல்கள் பயன்படுத்துவதற்கே உரியவை என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு வேண்டிய நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது மூன்றாவது. வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது நான்காவது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் போன்றது என்பது ஐந்தாவது.

கேட்பதற்கு மிக எளியவை. ஆனால் முதல் விதியை ஏற்றால் பூட்டிய அலமாரியைத் திறக்க வேண்டும். மாணவருக்கு ஓய்வு கிடைக்கும் காலையிலும் மாலையிலும் நூலகம் இயங்க வேண்டும். இரண்டாம் விதியை ஏற்றால், வாசகரின் தேவையைக் கேட்டறிந்து நூலைத் தேடித்தர ஊழியர் வேண்டும். மூன்றாம் விதி நல்ல நூற்பட்டியைக் கோருகிறது. ஐந்தாம் விதி கட்டடத்தில் வளர்ச்சிக்கு இடம் விடச் சொல்கிறது. 1936இல் சேப்பாக்கத்தில் நூலகத்துக்குத் தனிக் கட்டடம் எழுந்தது. 1944 வரை அங்கே பணியாற்றிய ரங்கநாதன், பின்னர் காசி, தில்லிப் பல்கலைக் கழகங்களிலும் தொண்டாற்றி 1972இல் மறைந்தார்.

இன்றைய நிலை

இப்போது நூற்பட்டி அட்டைப் பெட்டியிலிருந்து கணிப்பொறிக்கு வந்துவிட்டது. காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா சேமிப்பகத்தில் இந்தியப் பல்கலைக் கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை யாரும் கட்டணமின்றிப் படிக்கலாம். 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில், 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் திறந்துவிடப்பட்டன. முன்பு பெருநகர நூலகத்துக்குப் பயணம் செய்து பார்க்க வேண்டிய கட்டுரையைச் சிற்றூர் அரசுக் கல்லூரி மாணவியும் படிக்கலாம்.

படிக்கலாம், ஆனால் படிக்கிறாரா? இத்தகைய வாய்ப்பு உள்ளதென்றே அறியாமல் பட்டம் பெற்றுச் செல்வோர் பலர். இன்னும் சில கல்லூரிகளில் அலமாரிகளின் பூட்டுத் திறக்கவில்லை. காணாமற்போகும் நூலின் விலையை நூலகரே கட்ட வேண்டும் என்ற வழக்கம் உள்ள இடத்தில் அவர் காவலராகவே இருப்பார். அவரைக் குறை கூறிப் பயனில்லை. ஆண்டுக்குச் சில நூல்கள் தொலைவது இழப்புதான். ஆனால் ஆயிரம் நூல்கள் ஒருவராலும் திறக்கப்படாமல் கிடப்பது அதனினும் பெரிய இழப்பு. முன்னது கணக்கேட்டில் பதிவாகிறது. பின்னது எங்கும் பதிவாவதில்லை.

மாணவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. தேவைப்படும் நூலின் பகுப்பெண்ணைக் குறித்துக்கொண்டு அலமாரிக்குச் செல்லுங்கள். அந்நூலின் இருபுறமும் உள்ள நூல்களையும் புரட்டுங்கள். கல்லூரிக்கு எந்தெந்த ஆய்விதழ்கள் கிடைக்கின்றன என்று நூலகரிடம் கேளுங்கள். கேட்பவர் பெருகினால் பூட்டுகளும் திறக்கும். ஒரு நூலகத்தின் உண்மையான செல்வம் எத்தனை நூல்கள் உள்ளன என்பதில் இல்லை. அவற்றுள் எத்தனை தம் வாசகரை அடைந்தன என்பதிலேயே உள்ளது.