பதிப்புத் துறைக்குத் துணைநிற்கும் சங்கங்கள்: அவை செய்வது என்ன? எழுத்தாளருக்கு என்ன பயன்?

திருவனந்தபுரம்: திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசன் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில் உருவானது சாலைக் கடைத்தெரு. கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் இத்தெருவில் தமிழ் வணிகர்கள் பல தலைமுறைகளாகக் கடை நடத்தி வருகின்றனர். அவர்களுள் ஒருவரான ஆ. மாதவன், இத்தெருவின் மனிதர்களையே தமது கதைகளில் எழுதினார். 'கிருஷ்ணப் பருந்து' நாவலால் பரவலாக அறியப்பட்ட அவர், 2015ஆம் ஆண்டு 'இலக்கியச் சுவடுகள்' நூலுக்காகச் சாகித்ய அகாதெமி விருது பெற்றார். 2021 ஜனவரியில் காலமானார்.

மலையாளம் புழங்கும் ஒரு நகரத்தில் எழுதப்பட்ட தமிழ்க் கதை, அச்சாகி, எல்லை கடந்து, வாசகரின் கைக்குச் சேர வேண்டும். இதற்கு எழுத்தாளர், பதிப்பாளர், அச்சகத்தார், விற்பனையாளர், நூலகர் எனப் பலர் தேவை. இவர்களுள் பதிப்பாளர்களையும் விற்பனையாளர்களையும் ஒன்றிணைப்பவை பதிப்புத் துறைச் சங்கங்கள். அவற்றின் வரலாறும் பணிகளும் வருமாறு:

பபாசி: தமிழ்ப் பதிப்புலகின் மையம்

தமிழ் வாசகர்கள் நன்கு அறிந்தது, தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர்கள் மற்றும் பதிப்பாளர்கள் சங்கம். சுருக்கமாகப் 'பபாசி'. இதன் முதல் புத்தகக் காட்சி 1977ஆம் ஆண்டு சென்னை அண்ணா சாலையிலுள்ள மதரஸா-இ-ஆஸம் பள்ளி வளாகத்தில் நடைபெற்றது. 2024 டிசம்பர் இறுதியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் தொடங்கிய 48ஆவது காட்சியில் சுமார் 900 அரங்குகள் இடம்பெற்றன.

சொந்தக் கடையோ கிளையோ இல்லாத சிறு பதிப்பாளர், வாசகரை நேரில் சந்திக்கும் வாய்ப்பை இக்காட்சியே அளிக்கிறது. தனியொரு பதிப்பகத்தால் மைதானத்தை வாடகைக்கு எடுக்கவோ, பந்தல் அமைக்கவோ, விளம்பரம் செய்யவோ இயலாது. அச்செலவைப் பகிர்ந்துகொள்ளச் செய்வதே சங்கத்தின் முதற்பணி. வழக்கமான 10 விழுக்காடு தள்ளுபடியும் இங்கு அனைவருக்கும் பொதுவான ஏற்பாடாகும்.

2007ஆம் ஆண்டு அப்போதைய முதலமைச்சர் மு. கருணாநிதி, தமது சொந்த நிதியிலிருந்து 1 கோடி ரூபாயைப் பபாசிக்கு வழங்கினார். அத்தொகையின் வட்டியிலிருந்து எழுத்தாளர்களுக்கு ஆண்டுதோறும் பொற்கிழி விருதுகள் வழங்கப்படுகின்றன.

கேரளத்தின் மாற்று வழி: எழுத்தாளர் கூட்டுறவு

கேரளம் வேறொரு வழியைக் கண்டது. 1945ஆம் ஆண்டு கோட்டயத்தில் 12 எழுத்தாளர்கள் 120 ரூபாய் மூலதனத்துடன் 'சாகித்ய பிரவர்த்தக சககரண சங்கம்' என்னும் கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினர். எம்.பி. பால் அதன் முதல் தலைவர். காரூர் நீலகண்ட பிள்ளை செயலாளர். இது பதிப்பாளர்களின் சங்கம் அன்று. எழுத்தாளர்களே உரிமையாளர்களாக இருந்து நடத்திய பதிப்பகம். அக்காலத்தில் அரிதாக இருந்த 30 விழுக்காடு உரிமைத்தொகையை அது எழுத்தாளர்களுக்கு வழங்கியது. டி.சி. கிழக்கேமுறி நிறுவிய நேஷனல் புக் ஸ்டால் அதன் விற்பனைப் பிரிவாயிற்று.

தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்' 1956ஆம் ஆண்டு இச்சங்கத்தின் வழியாகவே வெளிவந்தது. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் அது தமிழுக்கும் வந்து சேர்ந்தது.

ஒரு வேறுபாட்டை இங்குக் கவனிக்க வேண்டும். பதிப்பாளர் சங்கம் முதலில் காப்பது உறுப்பினர்களின் வணிக நலனை. எழுத்தாளரின் நலன் அதன் வழியாகவே கிட்டும். கூட்டுறவு அமைப்போ எழுத்தாளரிடமிருந்தே தொடங்குகிறது. ஆகவே, உரிமைத்தொகை குறித்த கேள்வி எழும்போது இவ்விரு அமைப்புகளும் ஒரே பக்கத்தில் நிற்கும் என எதிர்பார்க்க இயலாது.

தேசிய, உலக அளவில்

இந்தியப் பதிப்பாளர்கள் கூட்டமைப்பு 1974ஆம் ஆண்டு முதல் புதுதில்லியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. வரி, பதிப்புரிமை, திருட்டுப் பதிப்பு ஆகியவை குறித்து அரசிடம் கோரிக்கை வைப்பது இதன் முதன்மைப் பணி. 1957இல் தொடங்கப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட் இதிலிருந்து வேறுபட்டது. அது அரசு நிறுவனம். புதுதில்லி உலகப் புத்தகக் காட்சியை நடத்துவது அதுவே.

உலக அளவில் சர்வதேசப் பதிப்பாளர் சங்கம் 1896ஆம் ஆண்டு பாரிசில் தோன்றியது. தற்போது ஜெனீவாவிலிருந்து இயங்கும் அது, பதிப்புரிமைக்காகவும் வெளியீட்டுச் சுதந்திரத்துக்காகவும் குரல் கொடுக்கிறது. இன்னும் பழைமையானது ஜெர்மனியின் புத்தக வணிகர் சங்கம். 1825ஆம் ஆண்டு லைப்சிக்கில் தொடங்கப்பட்ட இதன் துணை நிறுவனமே பிராங்பர்ட் புத்தகக் காட்சியை நடத்துகிறது. ஜெர்மனியில் புதிய நூல்களின் விலையைச் சட்டமே நிலைப்படுத்துவதால், பெரிய கடையும் சிறிய கடையும் ஒரே விலைக்கு விற்க வேண்டும். இந்தியாவில் அத்தகைய சட்டம் இல்லை. எனவே, தள்ளுபடிப் போட்டியில் சிறு கடைகளே முதலில் பாதிக்கப்படுகின்றன.

தீராத சிக்கல்கள்

அச்சிட்ட புத்தகங்களுக்கு ஜிஎஸ்டி இல்லை. ஆனால், தாளுக்கும் அச்சுப் பணிக்கும் உண்டு. புத்தகம் வரிவிலக்குப் பெற்ற பொருள் என்பதால், செலுத்திய வரியைப் பதிப்பாளர் திரும்பப் பெற முடியாது. அது புத்தகத்தின் விலையில் சேர்கிறது. இச்சுமையைக் குறைக்க வேண்டும் என்பது பதிப்புத் துறையின் நெடுநாள் கோரிக்கை.

மற்றொன்று திருட்டுப் பதிப்பு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி, அறிந்தே உரிமையை மீறுவோருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டுகள் வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். எனினும், கைப்பேசிகளில் சுற்றும் பிடிஎஃப் கோப்புகளைத் தனியொரு எழுத்தாளர் துரத்திப் பிடிப்பது கடினம். சங்கத்தின் கூட்டு முயற்சி இங்குத்தான் தேவைப்படுகிறது.

எல்லைப்புற எழுத்தாளருக்கு

கேரளத்தில் வாழும் தமிழ் எழுத்தாளரின் நிலை தனித்துவமானது. அவருடைய நூலின் சந்தை பெரிதும் தமிழ்நாட்டில். வாழ்வும் தொழிலும் கேரளத்தில். இந்த இடைவெளியைக் குறைக்கக்கூடியது மொழிபெயர்ப்பு. பி.கே. பாலகிருஷ்ணனின் மலையாள நாவலை 'இனி நான் உறங்கட்டும்' எனத் தமிழாக்கியவர் சாலையின் ஆ. மாதவனே. தமிழ்நாடு அரசு 2023 முதல் நடத்தும் சென்னை பன்னாட்டுப் புத்தகக் காட்சி, மொழிபெயர்ப்புக்கு நிதியுதவி அளிக்கிறது. அதே ஆண்டில் கேரள சட்டப்பேரவையும் திருவனந்தபுரத்தில் தனது பன்னாட்டுப் புத்தக விழாவைத் தொடங்கியது.

புதிதாக நூல் வெளியிடுவோர் மூன்றைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்தத்தை எழுத்தில் பெற வேண்டும். உரிமைத்தொகை விழுக்காட்டையும், மொழிபெயர்ப்பு உரிமை யாருக்கு என்பதையும் அதில் தெளிவாகக் குறிக்க வேண்டும். ஐஎஸ்பிஎன் எண்ணை மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றி வழங்குகிறது. அதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகர்களை நம்பத் தேவையில்லை.

ஆசிரியர் மறைந்த பின்னரும் 60 ஆண்டுகளுக்கு நூலின் உரிமை அவரது வாரிசுகளுக்குத் தொடர்கிறது. ஆகவே, இன்று கையெழுத்திடும் ஒப்பந்தம் அடுத்த தலைமுறையையும் பாதிக்கும்.