வரப்பில் பூத்த எள்: புகையான் கட்டுப்பாட்டில் மலர்களின் இடம் (1966–2016)

முன்னுரை

பயிருக்கு அருகில் பூக்கும் செடிகள் அப்பயிரைத் தாக்கும் பூச்சிகளின் பெருக்கத்தை மாற்றக்கூடும் என்னும் கருத்து, ஆசிய நெல் வேளாண்மையில் நீண்டதொரு நெருக்கடிக்குப் பின்னரே பரவலாக நடைமுறைக்கு வந்தது. அந்நெருக்கடிக்குக் காரணமானது புகையான் என்னும் தத்துப்பூச்சி. புகையானைக் கொல்லும் முயற்சி, அதன் இயற்கை எதிரிகளுக்கு உணவளிக்கும் முயற்சியாக அரை நூற்றாண்டில் மாறிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

மருந்தும் புகையானும்

பிலிப்பைன்சின் லாஸ் பானோசில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966-இல் ஐ.ஆர்.8 என்னும் குட்டை நெல் இரகத்தை வெளியிட்டது. புதிய இரகங்களோடு தழைச்சத்து உரமும் பூச்சிக்கொல்லியும் வயலுக்கு வந்தன. வெப்பமண்டல ஆசியாவில் அதுவரை பெரிதாகக் கருதப்படாத புகையான், 1970-களில் பேரிழப்பை விளைவிக்கலாயிற்று. தூரின் அடியில் இருந்து சாற்றை உறிஞ்சும் இப்பூச்சி தாக்கிய வயல் வட்ட வட்டமாகத் தீய்ந்து காணப்படும். எதிர்ப்புத்திறன் கொண்ட ஐ.ஆர்.26 இரகம் 1973-இல் வெளிவந்தது. சில ஆண்டுகளிலேயே புகையான் அதனையும் தாக்கியது.

பிலிப்பைன்ஸ் வயல்களை ஆராய்ந்த பீட்டர் கென்மோரின் 1980-ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேடு இச்சிக்கலின் வேரைக் காட்டியது. மருந்து தெளிக்காத வயல்களில் சிலந்தி முதலிய இரைவிழுங்கிகள் புகையானை அடக்கி வைத்தன; தெளித்த வயல்களில் அது பெருகியது. புகையான் தன் முட்டைகளை இலையுறையின் திசுவுக்குள் இடுகிறது. தெளித்த மருந்தில் சிலந்தியும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் மடிய, திசுவுக்குள் இருந்த முட்டைகள் தப்பின. அவற்றிலிருந்து பொரித்த குஞ்சுகள் எதிரிகளற்ற வயலில் பெருகின. பாதுகாப்பிற்காகத் தெளித்த மருந்தே பூச்சிப் பெருக்கத்திற்கு வழிவகுத்தது. இவ்வறிவின் அடிப்படையில் இந்தோனேசிய அரசு 1986 நவம்பரில் 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது.

எதிரிக்கு உணவு

தடை இயற்கை எதிரிகளை நஞ்சிலிருந்து காத்தது. ஆயின் அவற்றின் உணவுத் தேவையை அது நிறைவு செய்யவில்லை. புகையானின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதனை அழிக்கும் அனாக்ரஸ் என்னும் ஒட்டுண்ணிக் குளவி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த நீளமுடையது. வளர்ந்த குளவி நெடிது வாழத் தேன் வேண்டும். நெற்பூவிலோ தேன் இல்லை. எங்கும் நெல்லே நிற்கும் நிலப்பரப்பு அக்குளவிக்குப் பட்டினி நிலமாகும்.

இக்குறையை நிறைக்கச் சீன ஆய்வாளர்கள் பூச்செடிகளை ஆய்வகத்தில் ஒப்பிட்டனர். எந்தப் பூவும் நன்மை தரும் என அவர்கள் கொள்ளவில்லை. இலைச்சுருட்டுப் புழு, தண்டுத் துளைப்பான் ஆகியவற்றின் அந்துப்பூச்சிகளும் தேன் அருந்தக்கூடியவை என்பதால், பொருந்தாத மலர் பயிரின் பகைக்கே உணவாகலாம். ஒட்டுண்ணிகளுக்குப் பயன் தந்து, இவ்வந்துப்பூச்சிகளுக்கு அத்தகைய பயன் தராத செடியாக எள் தெரிவு செய்யப்பட்டது.

தாய்லாந்து, சீனா, வியட்நாம் ஆகிய நாடுகளில் நான்கு ஆண்டுகள் நடந்த வயலாய்வுகளின் தொகுப்பை ஜெஃப் கர் உள்ளிட்ட குழுவினர் 2016-இல் வெளியிட்டனர். தேன் தரும் செடிகள் சூழ்ந்த வயல்களில் இரு முதன்மைப் பூச்சிகளின் எண்ணிக்கை குறைந்தது. பூச்சிக்கொல்லித் தெளிப்பு 70 விழுக்காடு குறைந்தது. மகசூல் 5 விழுக்காடு உயர்ந்தது. பொருளாதார நன்மை 7.5 விழுக்காடாக இருந்தது. மலரும் தெளிப்புக் குறைவும் ஒரே வயலில் சேர்ந்து நிகழ்ந்தமையால், இரண்டின் பங்கையும் முற்றாகப் பிரித்துக் காண்பது எளிதன்று.

முடிவுரை

மேற்கண்ட வரலாறு இரண்டு முடிவுகளைத் தருகிறது. முதலாவது, மலரின் பயன் அதன் இனத்தையும் பூக்கும் காலத்தையும் பொறுத்தது. இரண்டாவது, தெளிப்பு தொடரும் வயலில் மலரை மட்டும் சேர்ப்பது, குளவியை விருந்துக்கு அழைத்து நஞ்சிடுவதற்கு ஒப்பாகும். தமிழக நெல்வயல் வரப்புகளில் உளுந்து, தட்டைப்பயறு ஆகியவற்றை விதைக்கும் வழக்கம் உண்டு. இவ்வரப்புப் பயிர்கள் பூக்கும் காலம் புகையான் முட்டையிடும் காலத்தோடு பொருந்துகிறதா, அவற்றின் பூக்கள் எந்தப் பூச்சிக்கு உணவாகின்றன என்னும் வினாக்களை இவ்வரலாறு தமிழக ஆய்வாளர்முன் வைக்கிறது. அவற்றிற்கு வயலில் கிடைக்கும் விடையே வரப்புப் பயிரை உழவரின் துணை வருவாய் என்னும் நிலையிலிருந்து பயிர்க் காவல் என்னும் நிலைக்கு உயர்த்த வல்லது.