முஹம்மது அலீ: ஏட்டில் ஏறாத ஆண்டுகள்

1981 டிசம்பர் 11 அன்று பஹாமாஸ் நாட்டில் டிரெவர் பெர்பிக்கிடம் தோற்றதோடு முஹம்மது அலீ குத்துச்சண்டைக் களத்தை விட்டு விலகினார். 61 போட்டிகள், 56 வெற்றிகள், 5 தோல்விகள். அவற்றுள் மூன்று, கடைசி நான்கு போட்டிகளில் நேர்ந்தவை. 1964, 1974, 1978 என மும்முறை உலகப் பட்டம் வென்றவரை அந்த அந்திம ஆட்டங்களைக் கொண்டு எடைபோடுவது நீதியன்று.

ஏட்டில் ஏறாத கணக்கொன்று உண்டு. 1967இல், தமது 25ஆம் வயதில், மார்க்க நம்பிக்கையை முன்னிறுத்தி வியட்நாம் போருக்கான இராணுவச் சேர்ப்பை அவர் மறுத்தார். பட்டமும் உரிமமும் பறிக்கப்பட்டன. ஐந்தாண்டுச் சிறைத் தண்டனையும் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டினால் சிறை செல்லவில்லையாயினும், உடல் உச்ச வலிமையில் இருந்த மூன்றரை ஆண்டுகள் களமின்றிக் கழிந்தன. ஜோ லூயிஸைப் போல் சீருடையில் காட்சிப் போட்டிகள் ஆடியிருந்தால் பட்டம் தப்பியிருக்கக்கூடும். 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. கால்களின் பழைய வேகம் மட்டும் திரும்பவில்லை. 1974இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மேனை வென்றதும் கயிற்றில் சாய்ந்து அடிகளைத் தாங்கியேதான்.