ஹளானத்: மணமுறிவுக்குப் பின் குழந்தை யாரிடம்?

மணமுறிவுக்குப் பிறகு சிறு குழந்தையைத் தன்னிடம் வைத்து வளர்க்கும் உரிமையை இஸ்லாமியச் சட்டம் ஹளானத் என்கிறது. முதல் உரிமை தாய்க்கே. எந்த வயதுவரை என்பதில்தான் மத்ஹபுகள், அதாவது சட்டப் பிரிவுகள், வேறுபடுகின்றன. திண்டுக்கல் பேகம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழும் ராவுத்தர்கள் ஹனஃபி மத்ஹபினர். அவர்களுடைய சட்டப்படி மகன் 7 வயதுவரையும் மகள் பருவமடையும்வரையும் தாயிடம் இருக்கலாம். ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றும் காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் கணக்கு வேறு: விவரம் தெரியும் வயதில், ஏறத்தாழ 7-இல், வாப்பாவிடமா உம்மாவிடமா என்று பிள்ளையே சொல்லலாம்.

சிக்கல் மறுமணத்தில் வருகிறது. குழந்தைக்கு நெருங்கிய உறவல்லாத ஒருவரைத் தாய் மணந்தால் ஹளானத் அவரை விட்டுப் போகும். ஆனால் அது நேரே தந்தைக்குப் போய்விடாது. ஹனஃபி வரிசையில் அடுத்து நிற்பவர் தாயின் தாய், அவருக்குப் பின் தந்தையின் தாய். குழந்தையின் சித்தப்பாவையே தாய் மணந்தால் உரிமை நீடிக்கும். தந்தையின் மறுமணத்துக்கு இதே அளவு கெடுபிடி இல்லை என்பதும் கவனிக்க வேண்டியது.

பிள்ளை யாரிடம் வளர்ந்தாலும் செலவு தந்தையுடையது. சொத்துக்குக் காப்பாளரும் அவர்தான். தாய்க்கு அந்த அதிகாரம் இல்லை என்று 1918-இல் இமாம்பந்தி வழக்கில் பிரிவி கவுன்சில் தீர்த்தது.

ஊரில் இத்தகைய பிணக்கு பெரும்பாலும் ஜமாஅத்தில்தான் முதலில் பேசப்படுகிறது. இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து, பள்ளி விடுமுறைக்குப் பிள்ளை யார் வீடு, பெருநாளுக்கு யார் வீடு என்றுவரை பேசி எழுதிக்கொள்வதுண்டு. ஆனால் அந்தக் காகிதம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. பள்ளிவாசல்களில் நீதிமன்றம் போல இயங்கும் மன்றங்களுக்கு 2016 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடையும் விதித்தது.

நீதிமன்றத்தின் கையிலிருப்பது 1890-ஆம் ஆண்டின் காப்பாளர், காப்புக்குட்பட்டோர் சட்டம். மைனருக்குரிய சமயச் சட்டத்தை அது ஒதுக்கிவிடுவதில்லை. ஆனால் குழந்தையின் நலனை முன்னே வைக்கிறது. விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கலாம் என்கிறது 17-ஆம் பிரிவு. ஷாஃபி சட்டத்துக்கு இது அந்நியமல்ல. அத்தர் ஹுசைன் வழக்கில் (2010) தாய் இறந்துவிட்டார், தந்தை மறுமணம் செய்துவிட்டார். இயற்கைக் காப்பாளர் தந்தைதான் என்றாலும், இடைக்காலத்தில் குழந்தைகள் தாய்வழி உறவினரிடமே இருக்கட்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

ஜீவனாம்சத்திலும் பாதை தெளிவாகிவிட்டது. மணமுறிவு பெற்ற முஸ்லிம் பெண்களுக்கான 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தாய்க்குக் குழந்தை பிறந்ததிலிருந்து 2 ஆண்டு மட்டுமே பராமரிப்பு பேசியது. குழந்தையின் சொந்த உரிமை அதனால் குறையாது என்று 1997-இல் நூர் சபா காத்தூன் வழக்கில் தீர்ப்பானது. பிள்ளை யாரிடம் என்பதிலோ, முத்தலாக்கைக் குற்றமாக்கிய 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, அப்படித் தலாக் சொல்லப்பட்ட பெண்ணுக்கே மைனர் குழந்தைகளின் பொறுப்பைத் தருகிறது. எந்த முறையில் என்பதை மாஜிஸ்திரேட் முடிவு செய்வார்.